அளக்கிற கருவியை யார் அளக்கிறது? - ஹப்பிள் கண்ணாடியின் கதை

தொழிற்சாலையில தரப்பிரிவுல வேலை பார்க்கிற மக்களுக்கு இந்த அவஸ்தை நல்லாத் தெரியும். ஆடிட் தேதி வந்தாச்சுன்னா, அளக்கிற சாமான் எல்லாத்தையும் தேடிப் பிடிச்சு ஸ்டிக்கர் ஒட்டுற படலம் ஆரம்பிச்சுடும். வெர்னியர், மைக்ரோமீட்டர் சரி. கம்ப்ரசர்ல இருக்கிற பிரஷர் கேஜ்? அட்டைப்பெட்டி வெட்டுற இடத்துல கிடக்கிற ஸ்டீல் டேப்? சுவத்துல தொங்குற தெர்மாமீட்டர்? "எதுக்கு வம்பு, எல்லாத்தையும் கேலிபரேஷனுக்கு அனுப்பிடு"ன்னு ஒரு கட்சி. "காசு யார் குடுக்கிறது?"ன்னு இன்னொரு கட்சி. இந்தச் சண்டைக்கு நடுவுல நின்னு பழகினவன் நான்.

இந்தச் சண்டைக்கே ஒரு சின்ன வரலாறு இருக்கு. ஐ.எஸ்.ஓ 9001 முதல்ல வந்தது 1987ல். 1994 பதிப்பு, பொருளோட தரத்தைப் பாதிக்கக்கூடிய எல்லா அளவுக்கருவியையும் அடையாளம் கண்டு கேலிபரேட் பண்ணச் சொல்லிச்சு. நம்மாளுங்க அதுல "எல்லா" என்கிற வார்த்தையை மட்டும் பிடிச்சுக்கிட்டாங்க. 2000 பதிப்பு கொஞ்சம் இறங்கி வந்து, நம்பத்தகுந்த முடிவு கிடைக்க எங்கே தேவையோ அங்கேன்னு சொல்லிச்சு. 2015ல், நிறுவனமே எது அவசியம்னு முடிவு பண்ணிக்கலாம்கிற அளவுக்கு வந்தாச்சு. அதாவது, எந்தக் கருவி முக்கியம்னு யோசிக்கிற பொறுப்பு நம்ம தலையில.

யோசிக்காம விட்டா என்ன ஆகும்? அதுக்கு ஹப்பிள் தொலைநோக்கியை விட நல்ல பாடம் எனக்குத் தெரிஞ்சு இல்லை.

1990 ஏப்ரல்ல நாசா அதை விண்வெளிக்கு அனுப்பிச்சு. ஜூன் மாசமே விஷயம் வெளிய வந்துடுச்சு: படங்கள் மங்கல். 2.4 மீட்டர் விட்டமுள்ள முதன்மைக் கண்ணாடி, ஓரத்துல சுமார் 2 மைக்ரான் அளவுக்கு அதிகமாத் தேய்க்கப்பட்டிருந்தது. தலைமுடி தடிமன்ல ஐம்பதில் ஒரு பங்குன்னு வச்சுக்குங்க. லூ ஆலன் தலைமையில ஒரு குழு விசாரிச்சு, அந்த வருஷம் நவம்பர்ல அறிக்கை குடுத்துச்சு.

கண்ணாடியைச் செஞ்சது கனெக்டிகட் மாநிலம் டான்பரியில இருந்த பெர்கின் எல்மர் நிறுவனம். தேய்க்கத் தேய்க்க வடிவம் சரியா வருதான்னு பார்க்க 'நல் கரெக்டர்'னு ஒரு கருவி வச்சிருந்தாங்க. ரெண்டு சின்னக் கண்ணாடி, ஒரு லென்ஸ், அவ்வளவுதான். ஆனா இதுங்களுக்கு நடுவுல இருக்கிற தூரம் ரொம்பத் துல்லியமா இருக்கணும். தூரம் மாறினா, தப்பான வடிவத்தையே கருவி "பிரமாதம்"னு சொல்லும்.

அந்தத் தூரத்தை வைக்க, வெப்பத்துக்கு அதிகம் நீளாத இன்வார் உலோகத்துல குச்சி செஞ்சாங்க. குச்சியோட நீளம் சரிதான். ஆனா குச்சி நுனியில மாட்டின மூடியில கறுப்புப் பூச்சு கொஞ்சம் உரிஞ்சிருந்தது. அளக்கிற ஒளி குச்சி நுனியில படறதுக்குப் பதிலா மூடியில பட்டுத் திரும்பிடுச்சு. விளைவு, லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளிப் போச்சு. லென்ஸை அந்த இடத்துக்குக் கொண்டுவர திருகாணி எட்டலை. ஏன்னு கேட்காம, வாஷர் வச்சு சரிக்கட்டிட்டாங்க!

இதை விடக் கொடுமை ஒண்ணு இருக்கு. வேற ரெண்டு சோதனைக் கருவிகள் அப்பவே "கோளாறு இருக்கு"ன்னு காட்டிச்சு. ஆனா அதெல்லாம் துல்லியம் குறைஞ்ச கருவிகள், நல் கரெக்டர்தான் உசத்தின்னு அந்த அளவுகளை ஒதுக்கிட்டாங்க. கடைசியில அந்த 'மட்டக்' கருவிகள் சொன்னதுதான் உண்மை.

ஒரு ஆறுதல், அந்த நல் கரெக்டரை யாரும் கலைக்காம அப்படியே வச்சிருந்தாங்க. அதனால பிழை எவ்வளவுன்னு கச்சிதமா அளக்க முடிஞ்சது. அந்தக் கணக்கை வச்சு ஒளியியல் திருத்தம் பண்ணி, 1993 டிசம்பர்ல விண்வெளி வீரர்கள் போய் மாட்டினாங்க. பார்வை திரும்பிச்சு.

சரி, நம்ம ஸ்டிக்கர் மேட்டருக்கு வர்றேன். இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கிட்டது மூணு கேள்வி. ஒவ்வொரு கருவியையும் கையில எடுக்கும்போது இதைக் கேட்டுப்பேன்:

1. இது காட்டுற அளவை நம்பி ஒரு பொருளை ஏத்துக்கிறோமா, தள்ளுறோமா?
2. இது பொய் சொன்னா, அடுத்த கட்டத்துல வேற ஏதாவது காட்டிக்குடுக்குமா?
3. நமக்கு வேண்டிய துல்லியத்துக்கு இது போதுமா?

அட்டைப்பெட்டி டேப் ஒரு மில்லிமீட்டர் தப்பினா பெட்டி மூடாது, அங்கயே தெரிஞ்சுடும். அதுக்கு 'கேலிபரேஷன் தேவையில்லை'ன்னு காரணத்தோட எழுதி வச்சா, ஆடிட்டர் கேட்டாலும் பதில் இருக்கு. ஆனா கடைசி சோதனையில போல்ட் முறுக்குற டார்க் ரெஞ்ச் அப்படி இல்லை. அதுக்கு அப்புறம் அந்த போல்ட்டை யாரும் பார்க்கப் போறதில்லை. சுமார் 150 கோடி டாலர் ஹப்பிள்ல நல் கரெக்டர் இருந்தது அந்த இடத்துலதான். கேலிபரேஷனுக்கு ஒதுக்குற காசு முதல்ல போக வேண்டியதும் அங்கதான்.

ஸ்டிக்கர் கருவியோட நீளத்துக்குத்தான் சாட்சி. அதை எப்படி மாட்டினோம், ஏன் வாஷர் தேவைப்பட்டுதுன்னு கேட்கிறது நம்ம வேலை. உங்க தொழிற்சாலையில எந்தக் கருவிக்கு அப்புறம் வேற சோதனையே கிடையாது? யோசிச்சுப் பார்த்து பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.