விளிம்பின் உயரமும் விதியின் நோக்கமும்: வெளிப்புற வெந்நீர்த் தொட்டிக்கான பிணைப்பு விலக்கு குறித்து ஒரு மறுவாசிப்பு

அமெரிக்கத் தேசிய மின்விதித் தொகுப்பின் 680.42(பி) பிரிவு, வீட்டுக்கு வெளியே தரைமேல் வைக்கும் தன்னிறைவு வெந்நீர்த் தொட்டிகளுக்கு ஒரு விலக்கைத் தருகிறது. நான்கு நிபந்தனைகள் நிறைவேறினால் தொட்டியைச் சுற்றியுள்ள தரைக்குச் சமமின்னழுத்தப் பிணைப்பு (தண்ணீருக்கும் தரைக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு எழாதபடி இணைத்தல்) தேவையில்லை. இதற்கு விளக்கம் எழுதியோர் பலரிடம் ஒரு கருத்து ஏறக்குறைய முடிந்த முடிபாகவே நிலைபெற்றிருக்கிறது. பம்பு, ஹீட்டர், கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் தொழிற்சாலையிலேயே பொருத்திச் சோதிக்கப்பட்டுச் சான்றுடன் வருகிற தொட்டி இது. நிலக்கசிவுத் துண்டிப்பானின் காவலும் இதற்கு உண்டு. ஆகவே சுற்றுத்தரையையும் பிணைப்பது மிகை என்று விதியே ஒப்புக்கொண்டுவிட்டது என்பது அக்கருத்து. அப்படியானால் விலக்கு பொருளுக்கு உரியது. தொட்டி எங்கே போனாலும் சான்று முத்திரையோடு சேர்ந்து போகும். இக்கட்டுரை அதை ஏற்கவில்லை. விலக்கு, தொட்டி வைக்கப்பட்ட இடத்தின் அமைப்புக்கு உரியது. அந்த அமைப்பு மாறினால் விலக்கும் போய்விடும். விதியை வகுத்தவர்களின் மனத்தைப் படித்துவிட்டதாக இங்கே உரிமை கொண்டாடவில்லை. பிரிவின் சொற்களும் மின்னியலும் ஒரே திசையைக் காட்டுகின்றன என்பதே வாதம்.

நிபந்தனைகளைப் பார்ப்போம். தொட்டி தரைமேல் வைப்பதற்குரிய தன்னிறைவுத் தொட்டியாகச் சான்றும் முத்திரையும் பெற்றிருக்க வேண்டும் என்பது முதலாவது. உள்ளறைக்கு மட்டுமே உரியதாகக் குறிக்கப்பட்டிருக்கக் கூடாது என்பது இரண்டாவது. தயாரிப்பாளரின் அறிவுறுத்தலின்படி தரைமட்டத்திலோ அதற்கு மேலோ நிறுவப்பட வேண்டும் என்பது மூன்றாவது. இவற்றில் முதல் இரண்டும் பொருளைப் பற்றியவை. மூன்றாவது பாதி பொருள், பாதி இடம். வாதத்தின் சுமை முழுவதும் நான்காவதின்மேல் விழுகிறது. தொட்டியிலிருந்து கிடைமட்டமாக 30 அங்குலத்துக்குள் (760 மி.மீ.) உள்ள சுற்றுப்பரப்புகள் எல்லாவற்றையும் விட அதன் மேல்விளிம்பு குறைந்தது 28 அங்குலம் (710 மி.மீ.) உயர்ந்திருக்க வேண்டும் என்கிறது அது. சான்றும் துண்டிப்பானும் போதும் என்று விதி கருதியிருந்தால் இந்த அளவுக்கு வேலையே இல்லை. அதே தொட்டியை மரத்தளத்துக்குள் பாதி இறக்கி வைத்தால் அதன் உள்ளே ஒரு திருகாணிகூட மாறுவதில்லை. துண்டிப்பானும் அப்படியே இருக்கிறது. ஆனாலும் விலக்கு போய்விடுகிறது. பொருளை மையமாக வைக்கும் வாசிப்பால் இந்த இழப்பை விளக்க முடியாது.

நான்காம் நிபந்தனையின் கடைசி வாக்கியம் இன்னும் தெளிவானது. மின்கடத்தாத வெளிப்படிகளைக் கணக்கில் எடுத்து விளிம்பின் உயரத்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்கிறது. பிளாஸ்டிக் படி ஒன்றைத் தொட்டியோடு ஒட்டி வைத்தால் உயரத்தைத் தரையிலிருந்தே அளக்கலாம். அதே இடத்தில் கான்கிரீட் படி கட்டினால் அந்தச் சலுகை இல்லை. படியும் ஒரு சுற்றுப்பரப்பாகி, உயரம் அதன் மேலிருந்து அளக்கப்படும். தொட்டியின் தரத்தைப் பற்றிய விதியாக இருந்தால், பக்கத்தில் கிடக்கும் படி எதனால் ஆனது என்ற கேள்வியே எழாது. தண்ணீரைத் தொடும் ஒருவரின் பாதம் எதன்மேல் ஊன்றியிருக்கிறது என்பதே விதியின் கவலை.

அந்தக் கவலைக்குக் காரணம் துண்டிப்பானின் கண்ணுக்குத் தெரியாத ஒரு மின்னோட்டம். துண்டிப்பானின் உணர்சுருள் வழியே மின்கம்பிகளும் நியூட்ரலும் செல்கின்றன. போகும் மின்னோட்டத்துக்கும் திரும்பும் மின்னோட்டத்துக்கும் 4 முதல் 6 மில்லி ஆம்பியர் வேறுபாடு தோன்றினால் அது இணைப்பைத் துண்டிக்கும். எர்த் கம்பி அந்தச் சுருள் வழியே செல்வதில்லை. அமெரிக்க மின்பகிர்வில் நியூட்ரல் வழிநெடுகப் பல இடங்களில் மண்ணோடு இணைக்கப்படுகிறது; வீட்டின் முதன்மைப் பெட்டியில் அது எர்த் கம்பியோடும் சேர்கிறது. தெருவின் நியூட்ரலில் சில வோல்ட் ஏறினால், அதே வோல்ட் எர்த் கம்பி வழியாக ஹீட்டரின் உலோகத்துக்கும் அங்கிருந்து தண்ணீருக்கும் வந்துவிடும். ஈரமண்ணில் நின்றபடி அந்தத் தண்ணீரில் கால் வைப்பவர் வழியாக மின்னோட்டம் மண்ணுக்குப் போகிறது. உடலின் தடையை 500 ஓம் என்று கொண்டால், அதற்குக் குறுக்கே நிற்கும் 3 வோல்ட் 6 மில்லி ஆம்பியரைச் செலுத்தும். மின்னதிர்ச்சியை ஆராய்ந்த சார்லஸ் டால்ஸீலின் முடிவுகளின்படி, பெண்களில் 99.5 விழுக்காட்டினர் பிடித்ததை இன்னும் விட முடிகிற எல்லை அதுதான்; அதைத் தாண்டத் தாண்ட, தசை இறுகி விட முடியாமல் போவோர் கூடுவர். பாதத்துக்கும் மண்ணுக்கும் இடையிலான தடை இந்த மின்னோட்டத்தைக் குறைக்கலாம். ஆனால் துண்டிப்பான் விழாது என்பதில் மாற்றமில்லை. பிரேக்கரைக் கையால் இறக்கினாலும் பயன் இல்லை, எர்த் கம்பி அறுபடாமல் தொடர்கிறது. பராமரிப்புக்கென்று தொட்டியிலிருந்து 5 அடிக்கு அப்பால், பார்வை எல்லைக்குள் வைக்க விதி சொல்லும் சுவிட்சுக்கும் இதே கதிதான்.

இதற்கு மருந்து பிணைப்பு ஒன்றே. அதே தொகுப்பின் 680.26 பிரிவு கேட்பது இதுதான்: சுற்றுத்தரைக்கு அடியில், உட்சுவரிலிருந்து 18 முதல் 24 அங்குலத் தொலைவில், 8 ஏ.டபிள்யூ.ஜி. (அமெரிக்கக் கம்பி அளவு) வெற்றுச் செப்புக் கம்பியை வளையமாகப் பதித்துத் தொட்டியின் உலோகத்தோடு இணைப்பது. அல்லது கான்கிரீட்டின் உள்ளிருக்கும் இரும்புக் கம்பிகளைக் கொண்டே அதைச் செய்வது. இந்த வளையத்தை முதன்மைப் பெட்டிக்கோ மண்ணில் அடித்த எர்த் கோலுக்கோ கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதில்லை என்றும் அதே பிரிவு சொல்கிறது. மின்னழுத்தத்தை மண்ணில் இறக்கிவிடுவது நோக்கமல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தண்ணீர் ஏறினால் தரையும் கூடவே ஏறட்டும், இரண்டுக்கும் இடையே வேறுபாடு இல்லாதிருந்தால் போதும் என்பதே ஏற்பாடு. தொட்டியருகே தனியாக ஓர் எர்த் கோலை அடித்துவிட்டு நிம்மதி அடைவோர் இந்த வரியைப் படிப்பது நல்லது.

காலவரிசையும் இதே பக்கம் பேசுகிறது. தொட்டிக்கு மின்சாரம் தரும் இணைப்பு நிலக்கசிவுத் துண்டிப்பானின் பாதுகாப்பில் இருக்க வேண்டும் என்ற கட்டளை, விலக்குக்கு முன்பே தொகுப்பில் இருந்தது. சுற்றுத்தரை விலக்கோ 2011 பதிப்புக்கான இடைக்காலத் திருத்தமாக வந்து 2014 பதிப்பில் நிலைத்தது. துண்டிப்பானிலிருந்து பிறந்த விலக்கு என்றால், துண்டிப்பான் ஏற்கெனவே கட்டாயமாக இருந்த நிலையில், புதிதாக ஓர் உயர அளவை அதனோடு முடிச்சுப் போட்டிருக்க வேண்டியதில்லை.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 28 அங்குலம் தடுப்புச் சுவர் ஆகாது. தரையில் நிற்கும் எவரும் குனியாமலே தண்ணீரில் கை நனைக்கலாம். இது உண்மை. உயரம் தொடுதலை அறவே தடுக்கிறது என்று வாதிட்டால் அந்த வாதம் அங்கேயே கவிழும். ஆனால் உயரம் மாற்றுவது நுழையும் முறையை. தரைமட்டத் தொட்டியில் ஒரு பாதம் நனைந்த தரையில் முழு எடையோடு ஊன்றியிருக்க, மறுகால் நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஏறும்போதும் இது நிகழ்ந்தே தீரும். உயர்ந்த விளிம்புள்ள தொட்டியில் படியேறியோ விளிம்பில் உட்கார்ந்தோதான் உள்ளே போகலாம். பாதம் மண்ணை விட்ட பிறகே கால் தண்ணீரைத் தொடுகிறது. கை நனைக்கும் வாய்ப்பு மீந்து நிற்கிறது என்பதை விதி மறைக்கவில்லை. பிணைப்பு ‘தேவையில்லை’ என்கிறதே தவிர, வேண்டாம் என்று தடுக்கவில்லை. மரத்தளம் மின்சாரம் கடத்தாதே என்ற மறுப்புக்கு நீண்ட பதில் தேவையில்லை: நிபந்தனை ‘எல்லாச் சுற்றுப்பரப்புகளும்’ என்கிறது, நனைந்த மரமும் மின்சாரம் கடத்தும். இவ்வளவு சிறிய மின்னோட்டம் தருவது வெறும் கூச்சம்தானே என்போருக்கு, ஈரமான விளிம்பில் ஒற்றைக்காலில் நிற்பவர் திடுக்கிட்டால் என்ன ஆகும் என்பதே போதும்.

இந்த வாசிப்பு சரியானால் நடைமுறையில் ஒன்று மாற வேண்டும். தொட்டி வைத்த நாளில் விளிம்பு 34 அங்குல உயரத்தில் இருந்து, ஆய்வாளர் விலக்கை ஏற்றுக் கையொப்பமிட்டிருக்கலாம். பின்னொரு கோடையில் வீட்டுக்காரர் 12 அங்குல உயரத்துக்குத் தளம் கட்டினால் மிஞ்சுவது 22 அங்குலம். நான்காம் நிபந்தனை அன்றே பொய்த்துவிடுகிறது. பொருள்வாசிப்பில் இந்த மாற்றம் யார் கண்ணிலும் படாது. தளம் கட்டும் தச்சர் மின்விதியைத் திறந்து பார்க்கப் போவதில்லை. எனவே, விலக்கைக் கோருவோர் அளந்த உயரத்தை ஆய்வுப் பதிவில் எழுத வேண்டும். தளத்துக்கான கட்டட அனுமதி அந்தப் பதிவோடு ஒப்பிடப்பட வேண்டும். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் வளையம் பதிக்க ஆகும் செலவு சில மீட்டர் செப்புக் கம்பியும் சில இறுக்கிகளும்தான். ஊற்றிய பின் தரையை உடைக்காமல் அதைச் செய்ய வழியில்லை. விலக்குக்குத் தகுதி இருந்தாலும் வளையத்தைப் பதித்துவிடுவதே சரி என்ற முடிவுக்கு இதைக்கொண்டே வரலாம்.