பால்மரக் காட்டிலிருந்து படை முகாமுக்கு

நம் சங்கம் பொன்விழாக் காணும் இவ்வேளையில், சங்கம் தோன்றுவதற்கு முன்பே இம்மண்ணில் உழைத்த தோட்டத்து மக்களை நினைவுகூர்வது நம் கடமை. அவர்களுள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த சாதாரணச் சிப்பாய்களைப் பற்றி நம் பிள்ளைகள் அறிந்தது மிகக் குறைவு.

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஜப்பானியர் வருமுன்பே வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களை விட்டுப் போய்விட்டனர். ரப்பர் ஏற்றுமதி நின்றது. பல தோட்டங்களில் பால்வெட்டும் கூலியும் நின்றன. அரிசி இல்லாமல் மரவள்ளிக்கிழங்கே சாப்பாடாயிற்று. 1943-இல் சயாம் ரயில் பாதைக்குத் தோட்டம் தோட்டமாக ஆள்பிடித்தார்கள். 415 கிலோமீட்டர் நீளமான அந்த மரண ரயில் பாதையில் பல்லாயிரம் தமிழர்கள் காலராவிலும் மலேரியாவிலும் மாண்டனர்.

அதே ஆண்டு ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்து இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை ஏற்றார். தோட்டத்து இளைஞர்கள் படையில் சேர்ந்தனர். நாட்டுப்பற்றால் சேர்ந்தவர் பலர். சயாமுக்குப் போவதைவிடத் துப்பாக்கி ஏந்துவது மேல் என்று சேர்ந்தவர்களும் உண்டு. பசியும் அச்சமும் சூழ்ந்த காலத்தில் எடுத்த முடிவை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

விடியற்காலையில் பிரட்டுக்கு நின்று பழகியவர்கள் அணிவகுப்புக்கு நின்றனர். கட்டளைகள் இந்துஸ்தானியில் இருந்தன. தமிழ் மட்டுமே தெரிந்தவர்கள் அதையும் கற்றனர். பெண்களும் பின்தங்கவில்லை. கேப்டன் லட்சுமி தலைமையிலான ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் பலர் இருந்தனர்.

அப்படையில் எல்லா மதத்தாருக்கும் ஒரே சமையல், ஒரே பந்தி. ஷா நவாஸ் கான், ஹபிபுர் ரஹ்மான், ஆபித் ஹசன் ஆகியோர் முன்னணியில் இருந்தனர். தமிழ் முஸ்லிமான கரீம் கனி, 1943 அக்டோபர் 21-இல் அமைந்த சுதந்திர இந்திய அரசின் ஆலோசகர்களுள் ஒருவர். இத்திபாக், இத்திமாத், குர்பானி என்பதே படையின் முழக்கம்: ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம். குர்பானி என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் யாரும் பொருள் கேட்கமாட்டார்கள்.

நம் பாரோய்க்குப் பக்கத்தில் உள்ள சிரம்பானில் இப்படையின் பயிற்சி முகாம் இருந்தது. 1945 ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் அதைப் பார்வையிட வந்திருந்தபோதுதான், ஜப்பான் சரணடையும் செய்தி நேதாஜிக்கு எட்டியது. பர்மாவுக்குப் போனவர்களில் பலர் போரிலும் நோயிலும் இறந்தனர். மலாயாவில் சேர்ந்தவர்களைப் பெரும்பாலும் கொண்ட மூன்றாம் டிவிஷனோ போர்முனை காணாமலே கலைந்தது.

சிங்கப்பூரில் எழுப்பிய படை நினைவுச்சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷார் வெடிவைத்துத் தகர்த்தனர். சிப்பாய்கள் மீண்டும் லயத்துக்கு வந்து பால்வெட்டும் கத்தியை எடுத்தனர். வெள்ளையர் ஆட்சி திரும்பிய நாட்டில் பழைய சீருடையைப் பற்றிப் பேசுவது எளிதாக இருக்கவில்லை. பலருடைய கதை அவர்களோடே அடக்கமானது.

அன்று 18 வயதானவர் இன்று இருந்தால் நூறைத் தொட்டிருப்பார். ஆகவே அன்பர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேளுங்கள். படையில் சேர்ந்தவரின் பெயர், தகப்பனார் பெயர், தோட்டம் ஆகியவற்றை எழுதிச் சங்கத்தில் ஒப்படையுங்கள். பழைய படம் ஒன்று இருந்தால் அதன் பிரதியும் போதும். தளபதிகளின் பெயர்கள் வரலாற்று நூல்களில் இருக்கின்றன. நம் பாட்டன்மார் பெயர்களை நாம்தான் எழுதிவைக்க வேண்டும்.