பணிஸும் கட்லட்டும்: வன்னியின் வீட்டுப் பேர்கர்

சென்ற ஆண்டு ஓகஸ்ட் விடுமுறைக்கு அக்காவின் மகள் ரொறன்ரோவிலிருந்து பிள்ளையோடு கிளிநொச்சிக்கு வந்திருந்தாள். பிள்ளைக்கு ஒன்பது வயது. வந்த மூன்றாம் நாளே ஹம்பேர்கர் கேட்டான். ஏ-9 வீதியோரக் கடைகளில் இப்போது அதுவும் கிடைக்கிறது. வாங்கி வருவதற்காக நான் மோட்டார் சைக்கிளை எடுத்தபோது மருமகள் தடுத்தாள். கடைப் பேர்கரில் உப்பும் கொழுப்பும் அதிகமாம். கனடாவில் அவர்கள் அதை வீட்டிலேயே செய்து பழகிவிட்டார்களாம். பிறகு தாயின் பக்கம் திரும்பி, "அம்மா, அக்கராயனில கௌபிக் கட்லட் செய்து தந்தனீங்களெல்லோ? அதைச் செய்யுங்கோ. பணிசுக்குள்ள வைச்சால் அதுதான் நல்ல பேர்கர்" என்றாள்.

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. எனக்கோ பத்திரிகைக்காரனின் புத்தி. இந்தப் பணிஸும் கட்லட்டும் வன்னிக்கு எப்படி வந்து சேர்ந்தன என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

ஹம்பேர்கரின் பெயர் ஜேர்மனியின் ஹம்பேர்க் துறைமுகத்திலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்து கப்பலேறி அமெரிக்கா சென்றவர்களோடு, கொத்தி அரைத்த மாட்டிறைச்சியைத் தட்டிச் சுடும் வழக்கம் அங்கே பரவியது. அதைப் பாணுக்குள் முதலில் வைத்தவர் யார் என்பதில் அமெரிக்க ஊர்கள் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கின்றன. அந்த வழக்கு நமக்கு வேண்டாம். முதலாம் உலகப் போரின்போது ஜேர்மன் பெயரை நாவில் எடுக்க விரும்பாத அமெரிக்கர் சிலர் அதைச் 'சுதந்திர ஸ்ரேக்' என்று அழைத்தார்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி. வன்னியில் பேக்கரியின் பெயர்ப்பலகை 'வெதுப்பகம்' என்றும் ஐஸ்கிறீம் 'குளிர்களி' என்றும் மாறிய காலத்தைப் பார்த்தவன் நான். போர்க்காலங்களில் சாப்பாட்டுக்கும் புதுப்பெயர் வைக்கிறார்கள்.

நமது கட்லட்டுக்கும் கப்பல் பயணம் உண்டு. எலும்போடு கூடிய இறைச்சித் துண்டைக் குறித்த பிரெஞ்சுச் சொல் ஆங்கிலேயரிடம் போய், அவர்களோடு இலங்கைக்கு வந்து, எலும்பை இழந்து, மீனும் உருளைக்கிழங்கும் சேர்ந்த உருண்டையாகித் தேநீர்க்கடைத் தட்டில் உட்கார்ந்துகொண்டது. பாண் அதற்கும் முந்தியது. பாண் என்ற சொல்லையும் அதைச் சுடும் போறணை என்ற சொல்லையும் தந்தவர்கள் போர்த்துக்கேயர்.

ஆனால் பாண் எங்கள் நாட்டில் சாதாரண மக்களின் உணவானது வெகு பிந்தித்தான். 1942இல் ஜப்பான் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டு அரிசி போதாத இடத்தைக் கோதுமை மா நிரப்பியது. போர் முடிந்தும் மா திரும்பிப் போகவில்லை. பின்னர் அமெரிக்க உதவித் திட்டத்தின் கீழ் கப்பல் கப்பலாக வந்தது. 1980இல் திருகோணமலையில் பிறீமா மாவாலை இயங்கத் தொடங்கியபின், கோதுமை ஒரு மணியும் விளையாத நாட்டில் காலைச் சாப்பாடு பாண் என்பது எழுதாத சட்டமாயிற்று.

வன்னி இதற்குக் கடைசியாக வசப்பட்ட நிலம். 1895இல் ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றிக் கைநூல் எழுதிய காலத்தில், இது குளமும் காடும் மலேரியாவும் ஆண்ட பூமி. வயலில் நெல், காடு வெட்டி எரித்த சேனையில் குரக்கன், சாமை, பயறு, எள்ளு. இறைச்சி காட்டிலிருந்து வந்தது: மான், மரை, பன்றி, முயல். உழுகிற மாட்டை உண்ணச் சைவ வீடுகள் சம்மதிக்கவில்லை. மீனுக்குக் குளம் இருந்தது. 1950களின் தொடக்கத்தில் ஆபிரிக்கத் திலாப்பியா இலங்கைக் குளங்களில் விடப்பட்டபின் ஏழை வீட்டுச் சட்டியில் மீன் குறையவில்லை.

இனி அக்கராயனுக்கு வருகிறேன். 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது நான் பல்கலைக்கழகத்தில் கலைப் பட்டம் பெற்றுப் பத்திரிகையில் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. அடுத்த ஆண்டு அக்கா குடும்பத்தோடு கிளிநொச்சியில் இருந்தேன். 1996 ஜூலையில் சத்ஜெய நடவடிக்கை தொடங்கியது. செப்ரெம்பரில் நகரம் விழுந்தது. சனம் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று காட்டோரங்களுக்கு நகர்ந்தது. நாங்கள் அக்கராயனில் ஒரு கிடுகுக் கொட்டிலில் இருந்தோம். எரிபொருள், பசளை, சீமெந்து, பற்றரி எல்லாம் தடை. வவுனியாவிலிருந்து வருவதற்கு அனுமதிக்கப்பட்டதே சங்கக்கடைக்கு வந்தது. அட்டைக்கு நிவாரணமாக அரிசி, மா, பருப்பு, சீனி. அதுவும் ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கிய 1997 மே மாதத்துக்குப் பின்னர் எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது.

மருமகளுக்கு அப்போது ஐந்து வயது. ஒருநாள் அவள் கட்லட் கேட்டு அழுதாள். யாழ்ப்பாணத்தில் ஏதோ பிறந்தநாளில் தின்ற ஞாபகம். இறைச்சி இல்லை, ரின் மீன் இல்லை, உருளைக்கிழங்கு இல்லை, பொரிக்க எண்ணெயும் இல்லை. அக்கா கௌபியை ஊறவைத்து அவித்து மசித்தார். திலாப்பியாவை மஞ்சளிட்டு அவித்து முள் நீக்கினார். உருளைக்கிழங்குக்குப் பதிலாக மரவள்ளி. சட்டியைத் திறந்துவைத்து அவித்தது. இஞ்சி சேர்க்கவில்லை, மரவள்ளியும் இஞ்சியும் கூடினால் நஞ்சு என்பது எங்கள் ஊர்களில் தாய்மார் கைவிடாத நம்பிக்கை. வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை சேர்த்துத் தட்டையாகத் தட்டி, மேலே காய்ந்த றொட்டித் தூளைப் பிரட்டினார். தோசைக்கல்லில் எண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைத்து, இரண்டு பக்கமும் சிவக்கச் சுட்டார். பணிஸுக்குப் பதிலாகக் குரக்கன் மாவும் கோதுமை மாவும் கலந்த றொட்டி.

இன்றைய உணவியல் நூல் எதையும் திறந்து பாருங்கள். ஆரோக்கியமான பேர்கருக்கு அது சொல்வதும் ஏறக்குறைய இதுதான்: சிவப்பிறைச்சியைக் குறை, அவரையினத்தைச் சேர், தீட்டாத தானியத்துக்கு மாறு, பொரிக்காமல் கல்லில் சுடு. உலர்ந்த கௌபியில் நூறு கிராமுக்கு இருபத்துமூன்று கிராம் அளவில் புரதம் உண்டு. குரக்கனில் முன்னூறு மில்லிகிராமுக்கு மேல் கல்சியம். 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவதாகவும், சிவப்பிறைச்சியை உண்டாக்கக்கூடியதாகவும் வகைப்படுத்தியது. அரைத்த இறைச்சியிலுள்ள தனி ஆபத்தையும் சொல்ல வேண்டும். முழுத்துண்டின் மேற்பரப்பில் இருக்கும் கிருமி, அரைக்கும்போது உள்ளே போய்விடுகிறது. 1993இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத பேர்கரால் நூற்றுக்கணக்கானோர் நோயுற்று, நான்கு பிள்ளைகள் இறந்தார்கள். நடுப்பகுதி 71 பாகை செல்சியஸ் வரை சூடாகவேண்டும் என்பது அங்குள்ள விதி. வீட்டில் மாட்டிறைச்சியில் செய்கிறவர்கள் உள்ளே சிவப்புப் போய்விட்டதா என்று கண்ணால் பார்த்து நம்புவது போதாது. சிறிய வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம் அன்று மாலை நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். 1998இல் கொழும்பில் மக்டொனால்ட்ஸ் திறந்தபோது, அக்கராயனில் எங்களிடம் அதைவிடச் சிறந்த பேர்கர் இருந்தது என்று ஒரு வசனமும் விட்டேன். அந்த வசனத்தைத் தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை எழுதலாம் என்றும் நினைத்தேன்.

"தம்பி, அந்த ரெண்டு வருசத்தில இவள் ஒரு கிலோ கூடக் கூடேல்லை. கிளினிக்கில அட்டையைப் பார்த்து அந்தப் பிள்ளை என்னை ஏசினது. உனக்கு அது தெரியாது" என்றார் அக்கா.

உண்மையில் எனக்கு அது தெரியாது. கௌபி கிடைத்த நாட்களை மருமகள் நினைவு வைத்திருந்தாள். கிடைக்காத நாட்களை அக்கா நினைவு வைத்திருந்தார். நான் அந்தக் காலத்தில் செய்தி தேடிச் சைக்கிளில் அலைந்துகொண்டிருந்தேன். எங்கே எது விழுந்தது, எத்தனை பேர் இறந்தார்கள் என்று எழுதினேன். அடுப்படியில் என்ன இருந்தது என்று ஒரு நாளும் எழுதவில்லை. 2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்து, மாவும் ரின் மீனும் எண்ணெயும் தாராளமாக வந்தபோது, எங்கள் வீட்டில் குரக்கனும் கௌபியும் ஒரே வாரத்தில் காணாமற்போயின. அதைப் பழைமையை மறக்கும் நன்றிகெட்டதனம் என்று நான் கேலி செய்ததும் ஞாபகம் வருகிறது. 2009இல் முள்ளிவாய்க்காலில் அரிசியும் உப்பும் தண்ணீருமான கஞ்சிக்கு வரிசையில் நின்றபின் அக்கா எந்தச் சாப்பாட்டையும் நல்லது கெட்டது என்று பிரிப்பதை விட்டுவிட்டார்.

இருந்தாலும் மறுநாள் செய்தார். இந்தமுறை கௌபியோடு தோல் நீக்கிய கோழி நெஞ்சிறைச்சியும் இருந்தது, மரவள்ளியின் இடத்தில் உருளைக்கிழங்கு இருந்தது. ஆகவே இஞ்சியும் போட்டார். பணிஸ் வெதுப்பகத்திலிருந்து வந்தது. அக்கா இன்றும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார். உள்ளே தக்காளியும் வெள்ளரியும் வைத்து, சோஸுக்குப் பதில் தயிரில் புதினாவை அரைத்து ஊற்றினார். பெடியன் ஒன்றைத் தின்று முடித்துவிட்டு, "அம்மம்மா, சீஸ் இல்லையா?" என்று கேட்டபடியே இரண்டாவதை எடுத்தான்.

மருமகள் தனக்கு மட்டும் குரக்கன் றொட்டி சுட்டு, அதற்குள் கட்லட்டை வைத்துத் தின்றாள். பழைய ருசி வரவில்லை என்றாள். நான் இரண்டு தின்றேன்.

அக்கா தொடவில்லை. எல்லோரும் எழுந்த பிறகு, மத்தியானச் சோற்றில் மிஞ்சியதைக் கோப்பையில் போட்டு, மீன்குழம்பை விட்டுக் குழைத்துக்கொண்டு, விறாந்தையில் போய் இருந்தார்.