வாகூரும் வித்தியாத்தானமும்

ஆற்றங்கரையில் ஊரும், ஊர் நடுவே கோயிலும், கோயிலின் அருகே கல்விச்சாலையும் அமைத்து வாழ்ந்தது தமிழர் மரபு. இம்மரபினைச் செப்பேட்டுச் சான்றோடு காட்டும் ஊர்களுள் தலையாயது, புதுச்சேரி நகர்க்குத் தென்மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், தென்பெண்ணையாற்றின் வடபால் அமைந்த பாகூர். கல்வெட்டுகள் இதனை வாகூர் என்றே வழங்கும். வேதாம்பிகை உடனாய மூலநாதப் பெருமான் எழுந்தருளியிருக்கும் இவ்வூர், திருப்பதிகம் பெற்ற தலங்களின் வரிசையில் வைத்து எண்ணப்படுவதன்று. அந்தச் சிறப்பினைப் புதுச்சேரி நிலப்பகுதியில் திருவாண்டார்கோயில் எனப்படும் திருவடுகூர் பெற்றிருக்கிறது. எனினும் வேறு எவ்வூரும் எளிதில் பெறாத பெருமை ஒன்று வாகூருக்கு உண்டு. கல்வியைக் கங்கையாகவும், அதனைத் தாங்கிய ஊரைச் சிவபெருமானின் திருச்சடையாகவும் வைத்துப் பாராட்டப்பெற்ற ஊர் இஃது.

அப்பாராட்டு அமைந்திருப்பது பாகூர்ச் செப்பேடுகளில். 1879-ஆம் ஆண்டில் இவ்வூரில் கண்டெடுக்கப்பட்ட இவ்வேடுகள் ஐந்து. வடமொழிச் செய்யுட்களும் தமிழ் உரைநடையும் விரவிய இவை, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனது 8-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொறிக்கப்பட்டவை. வேசாலிப் பேரரையன் என்னும் சிற்றரசன் மன்னனிடம் விண்ணப்பித்துப் பெற்ற கொடையினை இவை கூறுகின்றன. நிலைதாங்கி என்பதும் அவனுக்கு வழங்கிய பெயர். சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்னும் மூன்று ஊர்கள் வாகூர் வித்தியாத்தானத்தார்க்கு வழங்கப்பட்டன. வித்தியாத்தானம் என்பது கல்விக்குரிய இடம் எனப் பொருள்படும். நான்கு வேதம், ஆறங்கம், மீமாம்சை, நியாயம், புராணம், தருமசாத்திரம் எனப் பதினான்காக எண்ணப்படும் வித்தைகளையும் அச்சொல் குறிக்கும்.

பொன்னும் மணியும் கொடுத்தல் எளிது. ஊரைக் கொடுத்தல் அரிது. பொன் ஒருமுறை செலவழிந்தால் தீர்ந்துபோகும். ஊரோ ஆண்டுதோறும் விளைந்து பயன் தருவது. ஆசிரியரும் மாணாக்கரும் நாளைய உணவிற்குக் கவலாது இருந்து ஓதுதல் வேண்டும் என்பதே அக்கொடையின் கருத்து. வயலில் விளைந்த நெல், மாணாக்கன் நாவில் கலைமொழியாக மாறிற்று என்று கூறினும் பொருந்தும்.

அச்செப்பேட்டின் செய்யுள் ஒன்று கூறும் கருத்தினை அன்பர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். அலைமோதி வானினின்று இழிந்த கங்கையைச் சிவபெருமான் தன் ஒற்றைச் சடையில் தாங்கினான். அதுபோலவே ஆழ்ந்தகன்ற கல்வி வெள்ளத்தை வாகூரார் தாங்கி நின்றனர். அதனாலேயே அவர்தம் இருக்கைக்கு வித்தியாத்தானம் என்னும் பெயர் பொருந்திற்று என்பது அதன் கருத்து. பெருமான் கங்கையைத் தாங்கியது தனக்கென வைத்துக்கொள்ளுதற்கு அன்று. அதன் வேகத்தைத் தணித்து, நிலவுலகம் அழியாது பயன்கொள்ளும் அளவில் விடுத்தற்கே தாங்கினான். கற்றாரும் அவ்வாறே தாம் கொண்ட கல்வியைப் பிறர்க்கு இயையும் அளவில் வழங்குதற்குரியர். சிவாலயந்தோறும் தென்புறக் கோட்டத்தில் ஆலமர்செல்வனாக, நால்வர்க்கு மோனத்தால் உணர்த்தும் ஆசிரியனாக இறைவன் எழுந்தருளியிருப்பதன் கருத்தும் இதுவே.

வாகூர் தனித்து நின்ற ஊரும் அன்று. அதனைச் சூழ்ந்த நாட்டுப்புறம் முழுவதிலும் இவ்வறம் தழைத்திருந்தது. புதுச்சேரிக்கு மேற்கே உள்ள திருபுவனையில், முதலாம் இராசாதிராச சோழன் காலத்தில், 1048-ஆம் ஆண்டளவில், 260 மாணாக்கர்க்கும் 12 ஆசிரியர்க்கும் ஏற்பாடு செய்திருந்ததைக் கல்வெட்டுக் காட்டுகிறது. விழுப்புரம் பகுதியிலுள்ள எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்தில் 340 மாணாக்கர் பயின்றனர். இவற்றிற்கெல்லாம் ஒன்றரை நூற்றாண்டு முற்பட்டது வாகூர் வித்தியாத்தானம்.

ஆட்சிகள் மாறின. 949-ஆம் ஆண்டில் தக்கோலப் போரில் சோழரை வென்ற இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன், கன்னரதேவன் என்னும் பெயரால் வாகூர்க் கல்வெட்டுகளில் குறிக்கப்பெறுகிறான். பின்னர்ச் சோழராட்சி மீண்டது. அவர்தம் காலத்துக் கல்வெட்டுகளும் மூலநாதர் திருக்கோயிற் சுவரில் ஏறின. வென்றவர் எவராயினும் கோயில் அறம் தொடர்ந்தது. வெகுகாலத்திற்குப் பின் 1749-இல் பாகூர் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1752-இல் இவ்வூர்ப் புறத்தே நிகழ்ந்த போரில் ஆங்கிலேயத் தளபதி லாரன்சு, பிரெஞ்சுத் தளபதி கெர்சானை வென்று சிறைப்பிடித்தான். கல்வி வெள்ளம் பாய்ந்ததாகப் பாடப்பெற்ற மண்ணில் பீரங்கிப் புகை சூழ்ந்த காலம் அது. பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1-ஆம் நாள் கைமாறி, 1962 ஆகஸ்டு 16-ஆம் நாள் சட்டப்படியும் முடிவுற்றது.

இத்தனை மாற்றங்களுக்கிடையே நிலைத்தவை எவை, நிலையாதவை எவை என ஆராய்தல் திருப்பணிச் செல்வர்க்குப் பயன்தரும். நிலைத்தது கோயில், நிலைத்தது ஏரி. புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி பாகூர் ஏரியே. பெண்ணையாற்று நீரைச் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் இவ்வேரிக்குக் கொணர்கிறது. பங்காரி, சிங்காரி என்னும் ஆடல்மகளிர் இருவர் தம் பொருளைக் கொண்டு இவ்வாய்க்காலை வெட்டுவித்தனர் என ஊரார் வாய்மொழியாகக் கூறுவர். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப் பாகூர் பெயர் பெற்றது இந்நீரால்.

நிலையாது போயிற்று வித்தியாத்தானம். அதற்கெனக் கொடுத்த மூன்று ஊர்களின் விளைவு இன்று எம்மாணாக்கனுக்கும் சோறிடவில்லை. அவ்வறத்திற்குச் சான்றான செப்பேடுகளும் பாரிஸ் மாநகரத்துத் தேசிய நூலகம் சேர்ந்தன. கொடுத்தவன் குறைவறக் கொடுத்தான். காப்பார் இன்மையால் அறம் நின்றது. ஏரியோ, ஆண்டுதோறும் கரை கட்டியும் தூர் வாரியும் காப்பார் இருந்தமையால் பிழைத்தது. காவாத ஆண்டுகளில் அதுவும் மேடிட்டது. நம் முன்னோர் இதனை நன்குணர்ந்தவர். ஆதலினன்றோ கொடைக் கல்வெட்டுகளின் இறுதியில், இவ்வறத்தைப் பிற்காலத்தில் காப்பவருடைய திருவடி தம் தலைமேலது எனக் கொடையாளர் எழுதுவித்தனர்! மன்னரும் தமக்குப் பின் வரும், பெயரறியாக் காவலன் ஒருவனுக்குத் தலைவணங்கினர். அறம் செய்தலினும் அறங்காத்தல் பெரிது என்பதே அவ்வணக்கத்தின் பொருள்.

வாகூரின் கல்வி வெள்ளம் முற்றும் வற்றிவிட்டது என்று கருதவும் வேண்டா. 1955-இல் புதுச்சேரியில் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், சிவாகமச் சுவடிகளை ஊர்தோறும் தேடித் தொகுத்தது. அத்தொகுப்பு 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. பாகூரைத் தம் பெயரோடு சேர்த்து வழங்கிய புலவர் சு. குப்புசாமி அவர்கள் புதுச்சேரி மாநிலக் கல்வெட்டுகளைத் தொகுத்தார். அத்தொகுப்பு 2006-இல் அந்நிறுவனத்தின் வழி வெளிவந்தது. வித்தியாத்தானம் மறைந்து பல நூற்றாண்டுகள் கழிந்தும், அவ்வூர்ப் பெயர் தாங்கிய ஒருவரே அதன் எழுத்துகளை மீட்டளித்தார் என்பது திருவருட்செயலே.

குடமுழுக்கு என்பது கலசத்தின்மேல் நீர் சொரிந்த அளவில் முடிவதன்று. அந்நீர் கோபுரத்தினின்று இழிந்து மண்ணை அடைவது. மண்ணில் ஏரியும் வாய்க்காலும் நிறைதல் வேண்டும். கோயில் நிழலில் திருமுறை ஓதும் சிறார் பெருகுதல் வேண்டும். கோபுரத்திற்குப் பொன் வழங்கும் கை, ஓதுவாரையும் ஓதும் பிள்ளைகளையும் நினைக்குமாயின், ஊர்க்குளத்தின் கரையையும் காக்குமாயின், நிலைதாங்கி தொடங்கிய அறம் மீண்டும் தளிர்க்கும். தன் பின்னோரை நோக்கி அன்று தாழ்ந்த தலைகள், இன்று அறங்காக்கும் அடியார்களின் திருவடிகளைத் தாங்கி மகிழும். மூலநாதப் பெருமான் திருவருள் அதற்குத் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.