வெள்ளி நானோ துகளைத் தயாரிக்கும் பூஞ்சை: இது எப்படிச் சாத்தியம்?

ஃபியூசேரியம் ஆக்சிஸ்போரம். இந்தப் பூஞ்சை இனத்தின் ஒரு வகைதான் வாழையில் வாடல் நோயை உண்டாக்குகிறது. ஆனால் ஆய்வகத்தில் இதே இனம் வெள்ளியை நானோ துகளாக மாற்றித் தருகிறது. இந்தத் துறையின் ஆரம்பகால ஆய்வுகளில் முக்கியமான சில நடந்தது இந்தியாவில்தான்.

நானோ துகள்னா என்ன?

பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ள துகள். ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் 1 நானோமீட்டர். இந்த அளவுக்குச் சிறிதானால் உலோகத்தின் நிறமே மாறிவிடும்: தங்கம் சிவப்பாகத் தெரியும், வெள்ளி மஞ்சளாகவோ பழுப்பாகவோ தெரியும். வெள்ளித் துகள்கள் பாக்டீரியாவைக் கொல்லும் என்பதால் காயக்கட்டுகளில் பயன்படுகின்றன.

புனேயில் என்ன கண்டுபிடித்தார்கள்?

2001இல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முரளி சாஸ்திரி, அப்சார் அகமது உள்ளிட்டோர் வெர்டிசிலியம் என்ற பூஞ்சையைச் சோதித்தார்கள். அது துகள்களைத் தன் செல்லுக்குள்ளேயே உருவாக்கியது. வெளியே எடுக்கணும்னா செல்லை உடைக்கணும். 2003இல் வெளியான ஆய்வில் அந்தச் சிக்கல் தீர்ந்தது. ஃபியூசேரியம் துகள்களைக் கரைசலிலேயே உருவாக்கியது. அளவு 5 முதல் 15 நானோமீட்டர்.

எப்படி நடக்கிறது?

பூஞ்சையைச் சில நாட்கள் வளர்த்து, கழுவி, சில்வர் நைட்ரேட் கரைசலில் போடுகிறார்கள். பூஞ்சை சுரக்கும் நொதிகள் வெள்ளி அயனிக்கு எலக்ட்ரானைக் கொடுக்கின்றன. அயனி அணுவாகிறது, அணுக்கள் சேர்ந்து துகளாகின்றன. பூஞ்சையின் புரதங்களே துகளைச் சுற்றிப் போர்த்திக்கொள்வதால் அவை ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. கரைசல் பழுப்பாக மாறினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

ரசாயன முறை போதாதா?

அது வேகமானது, பல முறைகளில் சில நிமிடங்களே போதும். ஆனால் சோடியம் போரோஹைட்ரைடு போன்ற ஆபத்தான ரசாயனங்கள் தேவைப்படலாம். பூஞ்சைக்குச் சாதாரண வெப்பநிலையும் தண்ணீரும் போதும். அதனால்தான் இதைப் ‘பசுமை முறை’ என்கிறார்கள்.

அப்புறம் என்ன சிக்கல்?

முதலில் நேரம்: மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் ஆகும். அடுத்தது சீர்மை. பூஞ்சை உயிருள்ளது, வெப்பநிலையோ, கார அமிலத் தன்மையோ, ஊட்டமோ கொஞ்சம் மாறினாலும் துகளின் அளவு மாறும். மருந்துக்கு ஒவ்வொரு முறையும் ஒரே அளவு வேண்டும். மூன்றாவது, பயிருக்கு நோய் தரக்கூடிய இனத்தைப் பெரிய அளவில் வளர்த்தால் அது வெளியே கசியாமல் பார்த்துக்கொள்ளணும்.

இன்னொன்றும் இருக்கிறது. தயாரிப்பு முறை பசுமையானது என்பதால் பொருளும் பாதுகாப்பானது ஆகிவிடாது. எந்த வழியில் செய்தாலும் வெள்ளி வெள்ளிதான். தண்ணீரில் கலந்தால் நீர்வாழ் உயிரினங்களைப் பாதிக்கும். வெள்ளிக்கும் பாக்டீரியா எதிர்ப்புத் திறனை வளர்த்துக்கொள்ள முடியும். ஆகவே ‘இயற்கை முறை நானோ’ என்று லேபிளில் பார்த்தால், எப்படிச் செய்தார்கள் என்பதோடு நின்றுவிடாதீர்கள். எவ்வளவு வெள்ளி இருக்கிறது, பயன்படுத்திய பிறகு அது எங்கே போகும் என்றும் கேளுங்கள்.