திண்டுக்கல்: நாம் கடந்து செல்லும் வரலாறு

பூமியில் பயணம் செய்து, நமக்கு முன் வாழ்ந்து மறைந்தோரின் நிலையைச் சிந்தித்துப் பார்க்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் மனிதனை அழைக்கிறது. இன்று நம்மவர்களிடையே பயணங்கள் பெருகியுள்ளன. கோடை விடுமுறை வந்துவிட்டால் குடும்பம் குடும்பமாகக் கொடைக்கானலுக்குப் புறப்படுகிறோம். ஏரியும் பூங்காவும் கண்டு அலுத்தவர்கள், பூம்பாறை, மன்னவனூர் எனத் தொடர்ந்து மேற்கே கவுஞ்சி வரை சென்று, மலைச்சரிவில் படிப்படியாக அமைந்த பூண்டு வயல்களைக் கண்டு மகிழ்கின்றனர். ஆனால் அந்த மலைக்கிராமங்களுக்கெல்லாம் மாவட்டத் தலைநகராக விளங்கும் திண்டுக்கல்லை, உணவுக்கும் தேநீருக்கும் நின்று போகும் ஊராகவே நாம் எண்ணி வந்திருக்கிறோம். பிரியாணியும் பூட்டும் பெற்ற புகழில் சிறு பங்கையேனும் அந்நகரின் வரலாறு பெறவில்லை.

நகரின் நடுவே எழும் பாறை, திண்டு போன்ற தோற்றத்தால் ஊருக்கே பெயர் தந்தது என்பர். சுற்றுப்புறத் தரையிலிருந்து ஏறத்தாழ 280 அடி உயரம் கொண்டது அது. அதன்மேல் உள்ள கோட்டையை 1605இல் மதுரை நாயக்க மன்னர் முத்துகிருஷ்ணப்பர் கட்டத் தொடங்கினார். மேலே நின்று பார்த்தால் இடத்தேர்வின் காரணம் விளங்கும். மேற்கே பழனி மலைத்தொடர், தெற்கிலும் கிழக்கிலும் சிறுமலை. இடையே விரிந்த சமவெளிதான் கொங்கு நாட்டிலிருந்து மதுரைக்குச் செல்லும் பாதை. பாறையைப் பிடித்தவர் பாதையைப் பிடித்தவராவார். இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இக்கோட்டையில் மதில்களும், ஆயுதக் கிடங்குகளும், மழைநீர் தேங்கும் சுனைகளும், மூலவர் இல்லாத அபிராமி அம்மன் கோயிலும் காணத்தக்கவை.

ஹைதரின் பயிற்சிக் களம்

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திண்டுக்கல் மைசூர் அரசின் ஆட்சிக்கு உட்பட்டது. 1755இல் இதன் பவுஜ்தாராக நியமிக்கப்பட்டு வந்தவர் ஹைதர் அலி. அப்போது அவர் மன்னரல்லர். மைசூரின் படைத்தலைவர்களுள் ஒருவர். பிரெஞ்சுக்காரர்களின் உதவியுடன் பீரங்கிப்படையையும் ஆயுதச்சாலையையும் அவர் உருவாக்கிக்கொண்டது இங்கேதான். ஆறே ஆண்டுகளில், 1761இல், மைசூரின் முழு அதிகாரமும் அவர் கைக்கு வந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தின் பெருமையைப் பேசும் நாம், அந்தப் பெருமைக்கு வித்திட்ட களம் தமிழ் மண்ணில் இருப்பதை நினைப்பதில்லை.

கோட்டைக்கு அருகிலுள்ள பேகம்பூரில் பெரிய பள்ளிவாசல் அமைந்துள்ளது. ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிஸா பேகம் அங்கே அடக்கமாகியுள்ளார். அவர் நினைவாகவே அப்பகுதி பேகம்பூர் என வழங்குகிறது. ஒரு பெண்ணின் பெயர் ஊர்ப்பெயராகி இரு நூற்றாண்டுகளைக் கடந்தும் மக்கள் நாவில் வாழ்வது சிந்திக்கத்தக்கது. நாள்தோறும் ஐவேளையும் அங்கே தொழுகை நடைபெறுகிறது. தோல் பதனிடும் தொழிலாலும் வணிகத்தாலும் வளர்ந்த முஸ்லிம் குடியிருப்பு அதனைச் சுற்றிப் பரந்துள்ளது. கோட்டை காட்சிப்பொருளாகிவிட்டது, பேகம்பூரோ வாழும் வரலாறாக நீடிக்கிறது. சுற்றுலாப் பயணிகள் முன்னதையே அரிதாகக் காண்கின்றனர். பின்னதை அறிவோர் அவர்களுள் மிகச் சிலரே.

அடைக்கலம் தந்த சீமை

1772இல் ஆற்காட்டு நவாபின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரைக் கொன்றன. அவருடைய துணைவியார் வேலுநாச்சியார் மகளுடன் தப்பி, பழனி மலையடிவாரத்து விருப்பாட்சிக்கு வந்தார். பாளையக்காரர் கோபால நாயக்கர் அடைக்கலம் அளித்தார். சிவகங்கைப் பிரதானி தாண்டவராய பிள்ளை, அவ்வாண்டு டிசம்பரில், 5,000 குதிரைப்படையும் 5,000 காலாட்படையும் வேண்டி ஹைதர் அலிக்குக் கடிதம் எழுதினார். வேலுநாச்சியார் ஹைதரை நேரில் கண்டு உருது மொழியிலேயே தம் வழக்கை எடுத்துரைத்தார் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. எட்டாண்டுக் காத்திருப்புக்குப் பின், 1780இல், ஹைதரின் உதவியோடும் மருது சகோதரர்களின் வீரத்தோடும் அவர் சிவகங்கையை மீட்டார்.

இந்நிகழ்ச்சியை நாம் ஊன்றி நோக்க வேண்டும். சிவகங்கையை அழித்த கூட்டணியிலும் ஒரு முஸ்லிம் ஆட்சியாளர் இருந்தார். அதை மீட்க உதவியவரும் முஸ்லிமே. அன்றைய பிளவுக்கோடு மதத்தின்மீது வரையப்படவில்லை. கம்பெனியின் ஆதிக்கத்தை ஏற்பதா எதிர்ப்பதா என்பதன்மீதே வரையப்பட்டது. மைசூர் ஆட்சியைக் கோயில் இடிப்புக் கதைகளாகச் சுருக்குவோருக்கும், அதற்கு மறுமொழியாகக் குறையற்ற பொற்காலமாகப் புனைந்துரைப்போருக்கும் இந்தச் சீமையின் வரலாறு ஒருசேர விடையளிக்கிறது.

ஹைதர் காலத்திலும் அவருக்குப் பின் திப்பு சுல்தான் காலத்திலும் கோட்டை பலமுறை கைமாறியது. 1783இல் கர்னல் லாங் கைப்பற்றினார். மறு ஆண்டு மங்களூர் உடன்படிக்கையால் மைசூருக்குத் திரும்பியது. 1790 ஆகஸ்டில் கர்னல் ஸ்டூவர்ட்டின் முதல் தாக்குதலைக் காவற்படை முறியடித்தும், மறுநாளே சரணடைய நேர்ந்தது. 1792இன் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் கம்பெனிக்கு நிலையாகச் சென்றது.

ஆயினும் எதிர்ப்பு அடங்கவில்லை. 1799இல் திப்பு சுல்தான் ஷஹீதான பின்னர், விருப்பாட்சியை மையமாகக் கொண்டு கோபால நாயக்கர் ஒரு கூட்டணியைக் கட்டினார். முஸ்லிம் வீரர்களும் அதில் இணைந்தனர். கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்க அவர்கள் குறித்த நாள் முஹர்ரம் பத்தாம் நாளான 1800 ஜூன் 3. திட்டம் தோல்வியுற்று 40க்கும் மேற்பட்டோர் தூக்கிலேற்றப்பட்டனர். மறு ஆண்டு கோபால நாயக்கரும் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். சமயம் கடந்து ஒரே கயிற்றை முத்தமிட்ட அந்த வீரர்களின் நினைவை, தனித்தனியே பங்கிட்டுக்கொள்வது அவர்களுக்குச் செய்யும் நீதியாகாது.

நம் கடமை

1985 செப்டம்பரில் மதுரையிலிருந்து பிரிந்து உருவான இம்மாவட்டம், ஒரு காலத்தில் காயிதே மில்லத் பெயரைத் தாங்கியிருந்தது. 1997இல் மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபின், அப்படியொரு பெயர் இருந்ததையே இளைய தலைமுறை அறியாது. அரசாணையால் வந்த பெயர் அரசாணையால் போயிற்று; மக்கள் வழங்கிய பேகம்பூர் நிலைத்தது. எனினும் பெயர் மட்டும் நிலைத்தால் போதுமா?

14ஆம் நூற்றாண்டில் மதுரை வரை வந்த இப்னு பதூதா, தாம் கண்டதை எழுதச் செய்தமையால்தான் மதுரை சுல்தான்களின் காலத்தைப் பற்றி இவ்வளவேனும் நாம் அறிகிறோம். அவர் செய்ததை நம் ஜமாஅத்துகள் செய்யலாம். பழைய பள்ளிவாசல்களைப் புதுப்பிக்கும்போது கல்வெட்டும் கபுறுக்கல்லும் சுண்ணாம்புக்கும் சலவைக்கல்லுக்கும் அடியில் மறைந்துவிடுகின்றன. மினாராக்களை உயர்த்தத் திரட்டும் நன்கொடையில் சிறு பகுதியை ஒதுக்கி, அவற்றைப் படமெடுத்துப் படியெடுத்து, வக்ஃபு ஆவணங்களையும் முதியோர் கூறும் செய்திகளையும் தொகுத்து வைத்தல் இயலாத செயலன்று.

அடுத்த முறை கவுஞ்சியின் குளிர்காற்றை நாடிச் செல்வோர், திண்டுக்கல்லில் அரைநாள் தங்கட்டும். காலையில் பிள்ளைகளுடன் பாறையேறிக் கோட்டையைக் கண்டு, லுஹர் தொழுகையைப் பேகம்பூரில் நிறைவேற்றி, அங்கே அடங்கியிருப்போருக்காக துஆச் செய்து, வழியில் விருப்பாட்சியின் கதையையும் அவர்களுக்குச் சொல்லட்டும்.