சட்டாம்பிள்ளையின் கணக்கு

முதல் பிள்ளை எழுதி முடித்துவிட்டு வேடிக்கை பார்க்கும். கடைசிப் பிள்ளை தேதி போட்டதோடு நிற்கும். ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்த எங்களுக்கெல்லாம் பழகிப்போன சங்கடம் இது. கடைசிப் பிள்ளைக்கு உதவி செய்ய எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். முதல் பிள்ளையை என்ன செய்வது என்று யாரும் சொன்னதில்லை. திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாருக்கு இந்தக் கேள்வி வந்திருக்காது. வயதுக்கு ஒரு வகுப்பு, வகுப்புக்கு ஒரு பாடம் என்ற ஏற்பாடே அவரிடம் இல்லை.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு திண்ணையில் சட்டாம்பிள்ளையாக இருந்தவர் என் தாத்தா. பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதுவார்கள். கை பழகியதும் ஏடும் எழுத்தாணியும். பிறகு பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று. ஒன்றை மனப்பாடமாக ஒப்பித்தால்தான் அடுத்தது. ஒரே நாளில் சேர்ந்த இரண்டு பேரில் ஒருவன் குழிமாற்றில் இருப்பான், மற்றவன் நெல்லிலக்கத்தைத் தாண்டியிருக்க மாட்டான். அதை யாரும் விசேஷமாக நினைத்ததில்லை.

முன்னால் போனவன்தான் சட்டாம்பிள்ளை. அவன் சும்மா உட்காரவும் முடியாது. சின்னப் பிள்ளைகளுக்கு முறை சொல்ல வேண்டும்: அவன் ஒரு வரி சொல்வான், மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். கால் பங்கில் கால் பங்கு மாகாணி என்று இவன் சொல்லும்போது, ‘ஏன்?’ என்று ஒரு பொடியன் கேட்டுவிட்டால் நெல்லை அளந்து காட்டியாக வேண்டும். “அவனுக்குச் சொல்லிக் கொடுத்தப்பதான்டா எனக்கே புரிஞ்சுது” என்பார் தாத்தா.

தாத்தாவுக்கு வெகுகாலம் முன்பே பெல்லாரி கலெக்டர் ஏ. டி. கேம்ப்பெல் இந்த முறையைக் கவனித்திருக்கிறார். சென்னை மாகாணப் பள்ளிக்கூடங்களைப் பற்றி விவரம் அனுப்பும்படி கவர்னர் தாமஸ் மன்ரோ 1822-ல் கலெக்டர்களிடம் கேட்டார். முன்னேறிய பிள்ளைகள் மற்றவர்களுக்குக் கற்பிப்பதால் அவர்களுடைய அறிவும் உறுதிப்படுகிறது, இங்கிலாந்து இந்த முறையைப் பின்பற்றியது தகும் என்று கேம்ப்பெல் 1823-ல் எழுதினார்.

அது இங்கிலாந்துக்குப் போனது எழும்பூர் வழியாக. 1787-ல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், 1789-ல் அங்கே தொடங்கிய ஆண் அநாதைகள் இல்லத்துக்குப் பொறுப்பேற்றார். ஒரு காலை குதிரையில் போகும்போது, தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் இல்லத்திலும் அப்படிச் செய்யச் சொன்னார், ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். பையன் நடத்திக் காட்டினான். 1796-ல் சென்னையிலிருந்து கிளம்பிய பெல், மறு வருஷம் இந்த அனுபவத்தைப் புத்தகமாக்கினார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது பரவியது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்று ஒரு பள்ளிக்கூடம் இன்றும் நடக்கிறது.

ஆனால் இங்கிலாந்தில் இந்த முறைக்கு மவுசு வந்ததற்குப் பெரிய காரணம் சிக்கனம். ஒரே வாத்தியாரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மேய்க்கலாம். சொல்லிக் கொடுக்கும் பையனுக்கு அதனால் என்ன வளர்ச்சி என்ற கேள்வி பின்னால் போய்விட்டது. கூலியில்லாத உதவியாளனாக அவன் நின்றான்.

நம் திண்ணையில் முன்னால் போனவனுக்கு இன்னொரு தீனியும் இருந்தது: கணக்கதிகாரம். காரிநாயனார் செய்யுளில் செய்த நூல். அறுக்காத பலாப்பழத்தில் எத்தனை சுளை? காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்கச் சொல்கிறது அது. முள் ஐம்பது என்றால் சுளை அறுபது. விடை சரியா என்று பழத்தை அறுத்தால்தான் தெரியும். தாத்தா ஒவ்வொரு பழத்துக்கும் எண்ணிப் பார்ப்பார். பொருந்தாதபோதுதான் அவருக்குக் கூடுதல் உற்சாகம். மனப்பாடத்தில் தொடங்கிய படிப்பு, மனப்பாடத்தையே சந்தேகிக்கும் இடத்துக்கு வந்துவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சர்க்கார் மானியம் வந்தது. இன்ஸ்பெக்டர் வந்து பரீட்சை வைப்பார். எத்தனை பிள்ளை தேறியதோ அதற்கேற்பப் பணம். வகுப்புப் பாடத்தில் தேறினால் போதும், அதைத் தாண்டி ஒருவன் யோசித்தால் வாத்தியாருக்குக் காலணா லாபமில்லை. எல்லாரும் ஒரே பக்கத்தில் நிற்கும் வகுப்பறை அப்படித்தான் நமக்குப் பழகியது.

திண்ணையைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. மன்ரோ 1826-ல் தொகுத்த கணக்கில் மாகாணம் முழுக்க 12,498 பள்ளிக்கூடங்கள், 1,88,650 பிள்ளைகள். அதில் பெண்கள் 4,540 பேர்தான். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையில் ஏற இடமே கிடையாது. பிரம்படியும் குறைவில்லை. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாத்தாவின் குத்தகைக் கணக்கில் இருந்த பிழையை வாய்க்கணக்கிலேயே பிடித்தவள் அவள்தான்.

2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007-ல் மாநிலமெங்கும் வந்தது. மதனப்பள்ளி பக்கத்து ரிஷிவேலியில் உருவான அட்டை முறையிலிருந்து எடுத்தது. ஏணிப்படிபோல வரிசைப்படுத்திய அட்டைகள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறியது. சக மாணவர் உதவியோடு படிக்க ஒரு குழுவும் இருந்தது. புதுசு புதுசு என்று பயிற்சியில் சொன்னார்கள். எனக்குத் தாத்தாதான் நினைவுக்கு வந்தார். என் வகுப்பில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பருவம் முடியுமுன்பே கணக்கு அட்டைகளை முடித்துவிட்டு, “டீச்சர், அடுத்து?” என்று நின்றாள். அடுத்த வகுப்பு அட்டையைக் கொடுத்தால் அதையும் முடிப்பாள். வேகம் கூடும், ஆழம் கூடாது. “பலாப்பழம் வாங்கினா சுளையை எண்ணிட்டு வா, ஆனா முதல்ல முள்ளை எண்ணு” என்றேன்.

வேகமாகப் படிக்கும் பிள்ளைக்குத் திண்ணை மூன்று விஷயங்களைக் கொடுத்தது: சொந்த வேகம், சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு, விடை தயாராக இல்லாத கேள்வி. பெல் இரண்டாவதைக் கப்பலேற்றினார். அட்டைகள் முதலாவதை மீட்டன. மூன்றாவதைத் திட்டமாக யாராலும் அனுப்ப முடியாது. அன்றன்றைக்கு வாத்தியார்தான் யோசிக்க வேண்டும். அன்று திண்ணையில் ஏற முடியாதவர்களின் பேத்திகள் இன்று வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் கேள்வி அவர்களுக்கும் பாக்கியிருக்கிறது.